செயலாளரின் ஆண்டறிக்கை: வானத் தந்தையிடம் மாட்டிக்கொண்ட வருடம்

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். நமது வாசிப்பு வட்டத்தின் சென்ற ஆண்டு நடவடிக்கைகளைப் பொதுக்குழு முன் வைக்கிறேன்.

ரிக் வேதத்தை மொழிபெயர்ப்பில் படிப்பது என்று போன பொதுக்குழுவில் முடிவானது. 1028 சூக்தங்களையும், அதாவது துதிப்பாடல்களையும், ஒரே வருடத்தில் முடித்துவிடலாம் என்று சொன்னவன் நான்தான், மன்னிக்கவும். மூன்றாவது கூட்டத்தில் ஓர் உறுப்பினர் கேட்ட கேள்வி எங்களை அங்கேயே நிறுத்திவிட்டது. கிரேக்கரின் சீயுஸ், ரோமரின் ஜூபிடர் என்ற பெயர்களுக்கு உடன்பிறந்த பெயர் வேதத்திலும் உண்டு: த்யௌஸ் பிதா, வானத் தந்தை. அவர்கள் இருவரும் தேவர்களுக்கே அரசர்கள். இவருக்கோ தனியாக ஒரு சூக்தம்கூடக் கிடையாது. ஏன்?

தேடிப் பார்த்தோம். மனைவியான பூமி, பிருதிவியோடு சேர்த்து, 'த்யாவா பிருதிவீ' என்ற ஜோடியாகத்தான் ஆறு சூக்தங்களில் பாடுகிறார்கள். வேதத்தின் 6-ஆம் மண்டலம் (பகுதி) 51-ஆவது சூக்தத்தில், வானமே தந்தையே, பூமியே தாயே, அக்னியே சகோதரனே என்று வீட்டாரைக் கூப்பிடுவதுபோல ஓர் அழைப்பு இருக்கிறது. விடியலான உஷஸ் இவர் மகள். அக்னி, மழைத் தெய்வம் பர்ஜன்யன், புயல் தெய்வங்களான மருத்துக்கள் எல்லாரும் பிள்ளைகள் கணக்கில் வருகிறார்கள். நம் தெருவிலும் சிலரை 'டாக்டரோட அப்பா' என்றால்தான் தெரியும். இவர் நிலைமையும் ஏறக்குறைய அதுதான்.

மார்கழிக் கூட்டத்தில் கொஞ்சம் சூடு பிடித்தது. இவர் ஒரு காலத்தில் தலைமைத் தெய்வமாக இருந்து, பிறகு இந்திரனால் தள்ளப்பட்டவர் என்று ஒரு தரப்பு வாதிட்டது. இந்திரன் தன் தந்தையைக் காலைப் பிடித்து நசுக்கினான் என்று 4-ஆம் மண்டலம் 18-ஆவது சூக்தத்தில் வருவதைச் சான்றாகக் காட்டினார்கள். சரி, ஆனால் அந்தத் தந்தை யார் என்று பாடல் பெயர் சொல்லவில்லையே! த்யௌஸ் இந்திரனை வணங்கியதாக 1-ஆம் மண்டலத்தில் ஒரு வரி இருப்பது உண்மை. என் கருத்து, இவர் இழப்பதற்கு இங்கே அரியணையே இருந்ததில்லை. ரிக் வேதத்தில் 'த்யௌ' பெரும்பாலும் கண்ணுக்குத் தெரிகிற வானம்தான். சீயுஸ் கையில் இருக்கும் இடி, இங்கே இந்திரனிடம் வஜ்ரமாக இருக்கிறது.

கடைசிக் கூட்டத்துக்கு மகாபாரதத்தின் ஆதி பருவத்தை எடுத்துக்கொண்டோம். அங்கே த்யௌ என்ற அதே பெயரில் வசுக்கள் எனப்படும் எட்டுத் தேவர்களில் ஒருவர் வருகிறார். மனைவியின் ஆசைக்காக வசிட்டரின் பசுவைக் கவர்ந்து, சாபம் பெற்று, பீஷ்மராகப் பிறக்கிறார். வேதத்தில் பிள்ளைகளால் மட்டுமே அறியப்பட்ட பெயர், இங்கே பிள்ளையே இல்லாதவரிடம் வந்து சேர்கிறது. இதைப் படித்து முடித்ததும் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அப்புறம் ஒரு பெரியவர், நாம் தகப்பனுக்குக் கொடுக்கும் 'திவச'த்திலும் இதே வேர்ச்சொல்தான் இருக்கிறது என்றார். பகல், நாள் என்ற பொருளில் வந்த சொல் அது.

மழையால் இரண்டு கூட்டங்கள் ரத்தாயின. பர்ஜன்யன் வேலை. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். நூலகத்திலிருந்து எடுத்த புத்தகங்களைத் திருப்பித் தராதவர்கள் இந்த வாரமே தந்துவிடவும். மீதியுள்ள மண்டலங்களுக்கு இன்னும் ஒரு வருடம் அனுமதி கேட்டு, இவ்வறிக்கையை ஏற்குமாறு வேண்டுகிறேன்.