சர் சோபர்ஸ் இல்லைங்க, சர் கார்ஃபீல்ட்

தமிழ் கமெண்டரி பண்றவங்களுக்கும் ஸ்போர்ட்ஸ் டெஸ்க்ல செய்தி எழுதுறவங்களுக்கும் வணக்கம்.

உங்க கமெண்டரிக்காகவே கிரிக்கெட் மேட்ச் பாக்குற ஆளு நான், அதனாலதான் உரிமையா கேக்குறேன். சர் சோபர்ஸ், சர் ரிச்சர்ட்ஸ், சர் குக்னு சொல்றதை தயவுசெஞ்சு நிறுத்துங்க. நைட்ஹூட், அதாவது 'சர்' பட்டம், வாங்குனவரோட சொந்தப் பேருக்கு முன்னாடிதான் 'சர்' வரும், குடும்பப் பேரு தனியா நிக்கும்போது அதுல ஒட்டவே ஒட்டாது. 1975ல பட்டம் வாங்குன சோபர்ஸை சர் கார்ஃபீல்ட் சோபர்ஸ்னு முழுசா சொல்லலாம், சர் கார்ஃபீல்ட்னு சொல்லலாம், பிரியமா சர் கேரின்னும் சொல்றாங்க, பட்டமே வேணாம்னா வெறும் சோபர்ஸ் போதும்.

இது வெறும் இங்கிலீஷ்காரன் சம்பிரதாயம்தானேன்னு விட்டுடாதீங்க. நியூசிலாந்து பவுலர் ரிச்சர்ட் ஹாட்லி வீட்டையே எடுத்துக்குங்க, அப்பா வால்டர் நியூசிலாந்து கேப்டன், அண்ணன் டேல் டெஸ்ட் ஆடுனவர், சர் பட்டம் 1990ல ரிச்சர்டுக்கு மட்டும்தான் கிடைச்சுது. பட்டம் அந்த ஒரு ஆளுக்குத்தான், குடும்பத்துக்கு இல்ல, அதான் சர் ரிச்சர்ட். மனைவிக்கு மட்டும் இது அப்படியே தலைகீழ், சர் டொனால்டோட மனைவி ஜெஸ்ஸி, லேடி பிராட்மேன். ஆன்டிகுவா அரசாங்கம் அவங்களே குடுக்குற பட்டத்துக்கும் இதே வழக்கம்தான், ஆம்ப்ரோஸ் அங்க சர் கர்ட்லி.

நம்ம பேருக்கு வரும்போதுதான் கொஞ்சம் யோசிக்கணும், ஏன்னா நமக்கு முன்னாடி நிக்கிறது பெரும்பாலும் அப்பா பேரு. இலங்கையில பொன்னம்பலம் ராமநாதன், அவர் தம்பி அருணாசலம், ரெண்டு பேருமே சர் பட்டம் வாங்குனவங்க. முதல்ல வர்ற பேரைப் புடிச்சு சர் பொன்னம்பலம்னு எழுதுனா அது அவங்க அப்பா பேரு, அண்ணனா தம்பியான்னே தெரியாது! அங்க சர் ராமநாதன், சர் அருணாசலம்னு சொல்றதுதான் நியாயம். சென்னை வண்ணாரப்பேட்டையில சர் தியாகராயா கல்லூரின்னு போர்டுலயே சரியா இருக்கே, பிட்டி தியாகராயர் பேர்ல இருக்குற கல்லூரி அது, பிட்டிங்கிற குடும்பப் பேருக்கு முன்னாடி சர் போடல பாருங்க.

2025ல இங்கிலாந்து பவுலர் ஜேம்ஸ் ஆண்டர்சனுக்கும் பட்டம் குடுத்துட்டாங்க, இனி அவர் பேரு செய்தியில வரும்போதெல்லாம் சர் ஜேம்ஸ்னு போடுங்க, புதுசா வேலைக்கு வர்ற பசங்களுக்கும் இதை முதல் நாளே சொல்லிக் குடுத்துடுங்க.

இப்படிக்கு,
உங்க கமெண்டரியை விடாம கேக்குற ஒரு ரசிகன்