மரிக்கொழுந்தைத் தேடித் தந்தவர்களுக்கு ஒரு நன்றி மடல்

சின்னப்பாலம், பாம்பன்

அன்புடையீர்,

வணக்கம். கடலில் வாழும் உயிர்களுக்கும் தாவரங்களுக்கும் கரையோர மக்கள் வழங்கும் ஊர்ப்பெயர்களைத் தொகுத்து வரும் ஒரு கட்டற்ற செயலியில், நான் எழுதிய 11 வரி நிரல் சென்ற மாதம் சேர்க்கப்பட்டது. மூலநிரலை எவரும் பார்க்கவும் திருத்தவும் கூடிய திறமூல மென்பொருள் ஒன்றுக்கு நான் எழுதி அளித்த முதல் நிரல் அதுவே. செயலியில் நடந்த மாற்றங்களைப் பட்டியலிடும் வரலாற்றுப் பக்கத்தில் அந்தத் திருத்தத்துக்கு நேரே என் பெயர் மட்டும் நிற்கிறது. அந்த 11 வரிக்குப் பின்னால் எத்தனை பேருடைய உழைப்பு இருக்கிறது என்பதை அந்தப் பக்கம் காட்டாது என்பதால், உங்கள் அனைவருக்கும் பொதுவில் நன்றி சொல்ல இம்மடலை எழுதுகிறேன்.

முதல் நன்றி என் அம்மாவுக்கு. மன்னார் வளைகுடாத் தீவுகளை ஒட்டிய பாறைகளில் மூழ்கிப் பாசி எடுக்கும் பெண்களில் அவரும் ஒருவர். விரல்களில் துணி சுற்றிக்கொண்டு, கண்ணாடி மாட்டிக்கொண்டு நீரில் இறங்குபவர். கடலுக்குப் போகாத ஒரு நாளில் என் செல்பேசியை வாங்கி அந்தச் செயலியில் ‘மரிக்கொழுந்து’ என்று ஒவ்வோர் எழுத்தாகத் தட்டினார். அகர் அகர் எடுக்கப் பயன்படும் ஜெலிடியெல்லா அசெரோசா என்னும் பாசிக்கு எங்கள் ஊரில் வழங்கும் பெயர் அது. முடிவுகள் எதுவும் இல்லை என்று திரை சொன்னது. பட்டியலை மேலிருந்து கீழாகத் தள்ளிப் பார்த்தால் மரிக்கொழுந்து அங்கேயே இருந்தது. ‘கஞ்சிப்பாசி’ என்று தட்டினார், உடனே வந்தது. ‘கட்டக்கோரை’ என்று தட்டினார், வரவில்லை. “கஞ்சிப்பாசி வருது, கட்டக்கோரை வரமாட்டேங்குது. பேரு இருக்கு, கூப்பிட்டா வரலை” என்றார்.

அம்மாவின் அந்தச் சொற்கள்தாம் இந்த வழுவை, அதாவது மென்பொருள் பிழையைப் பற்றிய முதல் அறிக்கை. அன்று மாலை பெரியம்மாவும் உடன் பாசி எடுக்கும் அக்காமார் இருவரும் எங்கள் திண்ணையில் அமர்ந்து, தங்களுக்குத் தெரிந்த மீன், பாசிப் பெயர்களை ஒவ்வொன்றாகத் தேடச் செய்தார்கள். பாறை, சீலா, நெத்திலி, கெளுத்தி ஆகியவை வந்தன. கொடுவா, கோலா ஆகியவை வரவில்லை. வந்தவை ஒரு பக்கம், வராதவை மறு பக்கம் என்று ஒரு நோட்டில் 34 பெயர்களை எழுதிக்கொண்டேன். நிரல் எழுதத் தெரிந்தவர்களே திறமூலத் திட்டங்களுக்கு உதவ முடியும் என்று அதுவரை நம்பியிருந்தேன். அந்த நோட்டுப் பக்கத்தையே வழுப்பதிவாக அனுப்பினேன். பிறகு செயலியின் பராமரிப்பாளரே எழுதியதைப் போல, எந்தச் செல்பேசி, எந்த விசைப்பலகை, எதைத் தட்டினோம், எது வர வேண்டும், எது வந்தது என்ற விவரங்களோடு வந்த அந்த நோட்டுப் பக்கம்தான், அவருக்கு அவ்வாண்டு கிடைத்த வழுப்பதிவுகளில் மிகவும் பயனுள்ளது. பெரியம்மாவிடம் இதைச் சொன்னேன். அக்காமாரிடமும் சொல்லியிருக்கிறேன். இங்கும் ஒரு முறை பதிவு செய்ய விரும்புகிறேன்.

அடுத்த நன்றி யாழ்ப்பாணத்திலிருந்து இத்திட்டத்துக்குப் பங்களிக்கும் சகோதரிக்கு. பாக்கு நீரிணைக்கு அக்கரையிலிருந்து, என் வழுப்பதிவைப் படித்த அன்று இரவே காரணத்தை விளக்கி எழுதினார். ‘கொ’ என்பதைப் பள்ளியில் ஒற்றைக்கொம்பு, ககரம், கால் என்று பிரித்துச் சொல்லித்தந்தார்கள் அல்லவா, கணினியில் எல்லா மொழி எழுத்துகளுக்குமான பொதுத் தரமாகிய ஒருங்குறியில் (யூனிகோட்) அந்தக் கொம்பையும் காலையும் இரண்டு குறிகளாகவும் சேமிக்கலாம், இரண்டும் சேர்ந்த ஒரே குறியாகவும் சேமிக்கலாம், கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலவே தெரியும் என்றார். எங்கள் செயலியின் பட்டியல் பழைய எழுத்துருக் குறியாக்கத்தில் தட்டச்சு செய்யப்பட்டுப் பின்னர் ஒருங்குறிக்கு மாற்றப்பட்டது. மாற்றியபோது கொம்பும் காலும் தனித்தனியாகவே நின்றுவிட்டன. அம்மாவின் செல்பேசி விசைப்பலகையோ ஒரே குறியை இடுகிறது. இரண்டையும் குறி குறியாக ஒப்பிடும் கணினிக்கு அவை வெவ்வேறு சொற்கள். கொம்பும் காலும் சேரும் ஒகர, ஓகார எழுத்துகள் கொண்ட பெயர்கள் வராமல் போனதற்கு அதுவே காரணம். இவ்விரு வடிவங்களும் சமம் என்று ஒருங்குறித் தரமே வரையறுத்திருக்கிறது. ஒப்பிடுவதற்கு முன் இரண்டையும் ஒரே வடிவத்துக்கு மாற்றும் ‘நார்மலைஸ்’ என்ற செயற்கூறு ஜாவாஸ்கிரிப்ட் என்னும் நிரல்மொழியிலேயே 2015ஆம் ஆண்டுத் தரத்திலிருந்து உண்டு. இதை அறிந்தபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியை எழுத்தில் சொல்வது கடினம். அம்மாவின் விரலிலும் பிழை இல்லை, பெயரிலும் பிழை இல்லை.

அந்தச் சகோதரி விரும்பியிருந்தால் தாமே ஐந்து நிமிடத்தில் திருத்தியிருக்கலாம். அவர் அப்படிச் செய்யாமல், அந்த வழுப்பதிவுக்குப் ‘புதியவர்களுக்கு ஏற்றது’ என்ற அடையாளத்தை இட்டு, “நீங்களே முயலுங்கள், நான் உடன் இருக்கிறேன்” என்று எழுதினார். திறமூலத் திட்டங்கள் பலவற்றில் ‘குட் ஃபர்ஸ்ட் இஷ்யூ’ என்று காணப்படும் அந்த அடையாளத்தின் பொருள் எனக்கு அன்றுதான் விளங்கியது. எளிய வேலை என்பதற்காக மட்டும் அதை இடுவதில்லை; புதிதாக வருபவருக்காக, அனுபவமுள்ள ஒருவர் தம் கையை அடக்கி வைத்திருக்கிறார் என்பதற்காகவும் இடுகிறார்கள்.

செயலியின் நிரல் வைக்கப்பட்டிருக்கும் களஞ்சியத்தின் முகப்பில் இருக்கும் பங்களிப்பு வழிகாட்டியை எழுதியவர் யாரென்று எனக்குத் தெரியாது. பலர் சேர்ந்து எழுதியிருக்கலாம். களஞ்சியத்தை என் கணக்கில் ஒரு படி எடுப்பது, அதை என் கணினிக்கு இறக்குவது, முதன்மைக் கிளையைத் தொடாமல் திருத்தத்துக்கெனத் தனிக் கிளை தொடங்குவது, மாற்றத்தைக் கமிட் செய்து, அதாவது குறிப்போடு பதிந்து, என் படிக்கு அனுப்புவது, பிறகு புல் ரிக்வெஸ்ட் வழியாகத் தாய்க் களஞ்சியத்தில் சேர்த்துக்கொள்ளுமாறு கேட்பது என்று ஒவ்வொரு கட்டத்தையும் அதற்குரிய கட்டளையோடு எழுதியிருந்தார்கள். லினஸ் டோர்வால்ட்ஸ் 2005இல் லினக்ஸ் இயங்குதளத்தின் கருவுக்காக உருவாக்கிய, நிரலில் செய்யும் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் என்னும் கருவியைக் கல்லூரியில் பெயரளவில் மட்டுமே கேட்டிருந்த எனக்கு, அந்த நான்கு பக்கங்களே ஆசிரியர். அதில் ஓர் இடம் மட்டும் பழையதாகிவிட்டிருந்ததால், நிறுவும் கட்டளை என் கணினியில் ஓடவில்லை. சரியான கட்டளையைக் கண்டுபிடித்த பின் அந்த ஒரு வரியைத் திருத்தித் தனியாக அனுப்பினேன். நிரலைத் தொடும் முன் ஆவணத்தில் ஒரு வரியைத் திருத்தி அனுப்பியது, முழு வழியையும் ஒருமுறை நடந்து பழக உதவியது. புதிதாகத் தொடங்கும் எவருக்கும் இதை மனமாரப் பரிந்துரைப்பேன்.

தங்கச்சிமடத்தில் கணினி மையம் நடத்தும் அண்ணன், தேவையான தொகுப்புகளை இறக்க இரண்டு மாலைப் பொழுதுகள் தம் இணைய இணைப்பைத் தந்தார். காசு வாங்க மறுத்தார். அவருக்கும், 2012 முதல் தமிழில் கட்டற்ற மென்பொருள் பற்றி எழுதிவரும் கணியம் மின்னிதழின் ஆசிரியர்களுக்கும் என் நன்றி.

இனி, என் தவறுகளைப் பொறுத்துக்கொண்ட மெய்ப்பார்ப்பாளருக்கு, அதாவது வரும் நிரலைச் சேர்க்கும் முன் படித்துப் பார்ப்பவருக்கு வருகிறேன். நான் முதலில் அனுப்பிய புல் ரிக்வெஸ்டில் ஏறத்தாழ 600 வரிகள் மாறியிருந்தன. நான் எழுதியது சில வரிகள்தாம். நிரலைத் தட்டச்சு செய்ய நான் பயன்படுத்தும் தொகுப்பான் (எடிட்டர்), கோப்பைச் சேமிக்கும்போது இடைவெளிகளையும் மேற்கோள் குறிகளையும் தன் விருப்பப்படி மாற்றி அடுக்கிவிட்டது. அனுப்பும் முன் ‘கிட் டிஃப்’ கட்டளையால் மாற்றங்களைப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும், நான் பார்க்கவில்லை. தமிழ் படிக்கத் தெரியாதவரும், எங்களுக்கு நள்ளிரவாகும்போது வேலையைத் தொடங்கும் நாட்டில் வாழ்பவருமான அந்த மெய்ப்பார்ப்பாளர், ஒரு கடுஞ்சொல்லும் இல்லாமல், “உங்கள் திருத்தத்தை நான் பார்க்க விரும்புகிறேன், இப்போது அது கூட்டத்தில் மறைந்திருக்கிறது” என்று எழுதி, தேவையான வரிகளை மட்டும் தேர்ந்து கமிட் செய்யும் முறையைக் காட்டினார். தம் மொழியில் எழுத்தின் தலைமேல் இடும் குறிகளுக்கும் இதே சிக்கல் உண்டு என்று அவர் சொன்னபோது, எங்கள் ஊர்ப் பாசிப் பெயருக்கும் அவருக்கும் இடையில் இருந்த தொலைவு எனக்குக் குறைந்துபோனது.

இரண்டாவது தவறு இதைவிடப் பெரியது. பட்டியலில் வௌவால் மீனின் பெயரும் தேடலில் வராமல் இருந்தது. உற்றுப் பார்த்தால், ஔகாரக் குறிக்குப் பதிலாக யாரோ ஒற்றைக்கொம்பையும் ளகரத்தையும் தட்டியிருந்தார்கள். கண்ணுக்கு வேறுபாடு தெரியாது. இது ஒருங்குறி சமம் என்று கொள்ளும் வடிவம் அன்று என்பதால், நார்மலைஸ் செய்தாலும் சரியாகாது. ஆர்வ மிகுதியால், கொம்பும் ளகரமும் அடுத்தடுத்து வந்தால் ஔகாரமாக மாற்று என்று ஒரு வரியையும் சேர்த்துவிட்டேன். வௌவால் வந்தது. அன்று மாலை பெரியம்மா வழக்கம்போல் நோட்டை விரித்து ஒவ்வொரு பெயராகப் பார்த்துக்கொண்டே வந்தவர், “முன்னே வந்த கெளுத்தி இப்ப கிறுக்கலா வருதே” என்றார். கெளுத்தியில் இருப்பது உண்மையான ளகரம். என் வரி அந்த ளகரத்தைப் பறித்துவிட்டு, அதன் உகரக் குறியை ஆதரவில்லாமல் நிற்க வைத்திருந்தது. நான் எழுதிய தானியங்கிச் சோதனைகள் அனைத்தும் தேறியிருந்தன, ஏனெனில் வராத பெயர்களை மட்டுமே அவற்றில் சேர்த்திருந்தேன். ஏற்கெனவே வந்துகொண்டிருந்த பெயர்களைச் சேர்க்க எனக்குத் தோன்றவில்லை. பெரியம்மா விரித்த நோட்டில் இரண்டு பக்கங்களும் இருந்தன.

மெய்ப்பார்ப்பாளரிடம் இதைச் சொன்னேன். நிரலில் இருக்கும் பிழையை நிரலிலும், பட்டியலில் இருக்கும் பிழையைப் பட்டியலிலும் திருத்துமாறு அவர் அறிவுறுத்தினார். அந்த வரியை நீக்கினேன். வௌவாலின் எழுத்தைப் பட்டியலில் திருத்தித் தனிக் கமிட்டாக அனுப்பினேன். கெளுத்தி உட்பட நோட்டில் இருந்த 34 பெயர்களையும் சோதனைக் கோப்பில் சேர்த்தேன். இனி யார் எந்தத் திருத்தம் அனுப்பினாலும் அந்த 34 பெயர்களும் தாமாகவே ஒருமுறை தேடப்பட்டு, அனைத்தும் கிடைத்த பிறகுதான் நிரல் சேரும். அம்மாவும் பெரியம்மாவும் திண்ணையில் செய்த வேலை அங்கே நாள்தோறும் நடக்கிறது.

அதன்பின் ஒன்பது நாட்கள் எந்தப் பதிலும் வரவில்லை. நான் மனம் தளர்ந்திருந்தேன் என்பதை மறைக்கவில்லை. யாழ்ப்பாணச் சகோதரிதான், பராமரிப்பாளர்கள் பிழைப்புக்கான வேலை போக மிஞ்சிய நேரத்தில் இதைச் செய்பவர்கள், ஒரு வாரத்துக்குப் பிறகு பணிவாக ஒருமுறை நினைவூட்டுவதில் தவறில்லை என்று சொன்னார். நினைவூட்டினேன். மறுநாளே பராமரிப்பாளர் எழுதினார். வழுவைக் கண்டவரையும் சோதித்தவரையும் கமிட் செய்தியின் அடியில் குறிக்கும் வழக்கம் லினக்ஸ் கருவில் உண்டு என்றும், இத்திருத்தத்திலும் அவ்வாறு செய்யுங்கள் என்றும் அவர் கேட்டார். இருவரிடமும் ஒப்புதல் கேட்டேன். ‘ரிப்போர்ட்டட்-பை’ என்ற வரியில் அம்மாவின் பெயரையும், ‘டெஸ்டட்-பை’ என்ற வரியில் பெரியம்மாவின் பெயரையும் எழுதி அனுப்பினேன். வரலாற்றுப் பக்கத்தில் என் பெயரைச் சொடுக்கினால் அவ்விரு வரிகளும் கீழே தெரியும். இவ்வாறு கேட்கத் தோன்றிய பராமரிப்பாளருக்கு என் குடும்பத்தார் அனைவரின் வணக்கம்.

“காசு இல்லாமல் எழுதிக் கொடுத்ததை நாளைக்கு எவனாவது எடுத்துக்கொண்டு பூட்டிவிட்டால்?” என்று அப்பா கேட்டார். நியாயமான கேள்வி. இச்செயலி ஜிபிஎல் உரிமத்தில் வெளியாகிறது. எடுத்து மாற்றி மற்றவருக்கு வழங்குபவர் அதன் மூலநிரலையும் அதே உரிமத்தில் தர வேண்டும் என்று சொன்னேன். பங்களிக்கும் முன் உரிமத்தைப் படிக்கச் செய்தது அவர் கேள்விதான், அவருக்கும் நன்றி.

இதே திட்டத்தில் இன்னும் மூன்று வழுக்கள் ‘புதியவர்களுக்கு ஏற்றது’ என்ற அடையாளத்தோடு திறந்திருக்கின்றன. ஊர்ப்பெயர்கள் தமிழ் அகரவரிசையில் நிற்காதது ஒன்று. நீண்ட பெயர்கள் சிறிய திரையில் பாதி எழுத்தில் வெட்டுப்படுவது மற்றொன்று. மூன்றாவது, தேவிபட்டினத்திலும் கீழக்கரையிலும் ஒரே மீனுக்கு வெவ்வேறு பெயர் வழங்கினால் இரண்டையும் ஒன்றாகக் காட்ட வழியில்லாதது. முதலாவதைத் தொண்டியிலிருந்து ஒரு மாணவி எடுத்திருக்கிறார். அவருடைய புல் ரிக்வெஸ்ட் நேற்று இரவு வந்தது. 400 வரிகள் மாறியிருந்தன. கிட் டிஃப் பற்றி அவருக்கு எழுதிவிட்டுத்தான் இந்த மடலை எழுத உட்கார்ந்தேன்.

நன்றியுடனும் அன்புடனும்,
சின்னப்பாலத்துப் பாசிக்காரர் மகள்