பெங்களூரில் கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி எடுக்கும் என் பேத்திக்கு

அன்பு மக்களே,

"பாட்டா, நீங்கல்லாம் பயந்து பயந்துதானே கோவிலுக்குப் போனீங்க?" என்று போனில் கேட்டாய். உன் வகுப்புப் பிள்ளைகளிடம் யாரோ அந்தக்காலத்து உபவாசத்தையும் பிரம்படியையும் பற்றிச் சொல்லியிருக்கிறார்கள், அதுகள் மிரண்டு போய்விட்டன என்றாய். போனில் இரண்டு வார்த்தையில் முடிகிற சங்கதி இல்லை இது. உனக்கு மட்டும் எழுதினால் உன் அம்மா படித்துவிட்டு மடித்து வைத்துவிடுவாள். அதனால் எல்லோரும் படிக்கிற மாதிரி இங்கேயே எழுதுகிறேன்.

பயம் இருந்தது. இல்லையென்று சொன்னால் பொய். ஆனால் யாருக்கு, எதற்கு என்று பார்க்க வேண்டும்.

எங்களுக்கு முதல் பயம், வேதபாடம் சொல்லிக்கொடுக்கும் உபதேசியார் கையில் இருந்த பிரம்பு. சாயங்காலம் அவர் கைமணியை ஆட்டிக்கொண்டு தெரு வழியே வருவார். சத்தம் கேட்டதும் கடற்கரை மணலில் உருண்டுகொண்டிருந்த அத்தனை பேரும் கோவில் முற்றத்தில் போய் உட்கார வேண்டும். குறிப்பிடம் என்று கேள்வி பதிலாக ஒரு பாடம். "உன்னை உண்டாக்கினது யார்?" "சர்வேசுரன்." பதில் வாயிலிருந்து முழுசாக வருவதற்குள் அடுத்த கேள்வி வந்துவிடும். புத்தகம் அவரிடம் மட்டும்தான். அவருக்கும் அது தேவைப்பட்டதில்லை. எழுதப் படிக்கத் தெரியாத என் அம்மை அந்தப் பாடம் முழுவதையும் வரி பிசகாமல் சொல்வாள். மீன் கடவத்தைத் தலையில் வைத்துக்கொண்டு திங்கள்சந்தைக்கு நடக்கும்போது எனக்குத் திருத்தமும் சொல்வாள்.

1544-இல் புனித பிரான்சிஸ் சவேரியார் இந்தக் குமரிக் கரையில் நடந்தபோது செய்ததும் இதுதான். கையில் மணி, தமிழில் மனப்பாடம் செய்த செபங்கள், பிள்ளைகளைக் கூட்டி வைத்துத் திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தல், புறப்படும்போது ஊருக்கு ஓர் ஆளை அதற்கென்று விட்டுப் போதல். திருவிதாங்கூர்க் கரையில் ஒரே மாதத்தில் 10,000 பேருக்கு மேல் ஞானஸ்நானம் கொடுத்ததாக 1545 ஜனவரியில் கொச்சியிலிருந்து எழுதிய கடிதத்தில் அவரே சொல்கிறார். அத்தனை பேருக்கும் என்ன புரிந்திருக்கும் என்று நீ கேட்பாய். எங்களுக்கும் பெரிதாக ஒன்றும் புரியவில்லை. ஆனால் இத்தனை வயதிலும் தூக்கத்தில் தட்டி எழுப்பிக் கேட்டால் பதில் வந்துவிடும்.

நான் புதுநன்மை வாங்கியது, அதாவது பூசையில் முதன்முதலாக அப்பம் வாங்கியது, 1955-இல். அப்போது நம் ஊர் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்தது. நன்மை வாங்குகிறவர்கள் நடுச்சாமத்திலிருந்து வாயில் ஒன்றும் போடக்கூடாது. தண்ணீர் குடிக்கலாம் என்று பாப்பரசர் பன்னிரண்டாம் பத்திநாதர் 1953-லேயே சொல்லிவிட்டார். அந்தச் சலுகை ரோமிலிருந்து புறப்பட்டு எங்கள் அம்மை காதுக்கு வந்து சேரவில்லை, அல்லது வந்து சேர்ந்தும் அவள் சட்டை செய்யவில்லை. முந்தின ராத்திரியே மண்பானைக்கு மேல் ஒரு பெட்டியைக் கவிழ்த்து வைத்துவிட்டாள். காலையில் பல் தேய்க்கும்போது ஒரு சொட்டு தொண்டைக்குள் இறங்கிவிட்டதோ என்று எனக்குச் சந்தேகம். பக்கத்து வீட்டுப் பையனிடம் கேட்டேன். "துப்பிட்டேல்லா? அப்போ சரி" என்று அவன் தீர்ப்புச் சொன்னான். 1957-இல் அதை மூன்று மணி நேரமாகவும், 1964-இல் ஒரு மணி நேரமாகவும் குறைத்தார்கள். இப்போது உன் வகுப்புப் பிள்ளைகள் பூசைக்கு வரும் வழியிலேயே பிஸ்கட் தின்றுகொண்டு வருகிறார்கள் என்று நீயே சொன்னாய். வருத்தமில்லை, பொறாமைதான்.

முந்தின நாள் பாவசங்கீர்த்தனம், பங்குச் சாமியாரிடம் பாவங்களை அறிக்கையிடுவது. எட்டு வயதில் என்ன பாவம் இருக்கும்? வரிசையில் நிற்கும்போதே ஒருத்தனுக்கொருத்தன் பாவங்களைக் கடன் கொடுத்து வாங்கிக்கொள்வோம். "நீ மாங்காய் திருடினதைச் சொல்லு, நான் அம்மை சொல் கேட்காததைச் சொல்றேன்." உள்ளே இருந்த சாமியார் அன்று ஒரே பாவத்தை எத்தனை வாயிலிருந்து கேட்டாரோ! அப்பத்தைப் பல்லால் கடித்தால் ரத்தம் வரும் என்று பெரிய பையன்கள் வேறு கிளப்பி விட்டிருந்தார்கள். கிராதியில் முழங்காலில் நின்று, கண்ணை மூடி, நாக்கை நீட்டி வாங்கினேன். அது போய் அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. விரலால் தொடக்கூடாது, பல்லும் படக்கூடாது. நாக்கால் நெம்பி நெம்பி எடுத்ததில் சேசுவிடம் கேட்க வேண்டும் என்று நினைத்து வைத்திருந்த எல்லாம் மறந்து போயிற்று.

அண்ணத்தில் ஒட்டுவது என்றதும் அமெரிக்கன் பால்பொடி ஞாபகம் வருகிறது. கோவில் மூலமாகத்தான் வந்தது. பால்பொடி, கோதுமை, டின்னில் எண்ணெய். இரண்டு கைகள் குலுக்கிக்கொள்ளும் படம் போட்டிருக்கும். பொடியைக் கரைத்துக் குடிக்கத்தான் கொடுத்தார்கள். நாங்கள் ஒரு கை அள்ளி அப்படியே வாயில் போட்டுக்கொண்டு, வாய் திறக்க முடியாமல் ஒருத்தரையொருத்தர் பார்த்துச் சிரித்துக்கொண்டு நிற்போம்.

அடுத்த பயம் உறுதிபூசுதல், விசுவாசத்தில் உறுதிப்படுத்தும் சடங்கு. ஆண்டகை, அதாவது ஆயர், வந்து கன்னத்தில் அறைவார் என்று சொல்லி வைத்திருந்தார்கள். அது சடங்கில் அன்று உள்ளதுதான், விசுவாசத்துக்காக அடி வாங்கவும் தயாராக இருக்க வேண்டும் என்பதற்கு அடையாளம். நம் கோட்டாறு மறைமாவட்டம் 1930-இல் கொல்லத்திலிருந்து பிரிந்தது. 1939 முதல் 1971 வரை ஆயராக இருந்தவர் ஆஞ்ஞிசாமி ஆண்டகை. அத்தனை நீளமான அங்கியும் தொப்பியும் செங்கோலுமாக ஒருவரை நாங்கள் பார்த்ததே கிடையாது. என் முறை வந்தபோது பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். விரல் பட்டதா இல்லையா என்றுகூடத் தெரியவில்லை. வெளியே வந்து, நல்ல அறை என்று எல்லோரிடமும் அளந்தேன்.

பூசைக்கு உதவி செய்ததை உனக்கு முன்பே சொல்லியிருக்கிறேன். லத்தீன் பதில்களைத் தமிழ் எழுத்தில் எழுதி வைத்துப் படித்தோம். நடுவில் பெரிய பூசைப் புத்தகத்தை அதன் தாங்கியோடு தூக்கி, படி இறங்கி, முழங்கால் மடக்கி, மறுபடி படியேறிப் பீடத்தின் அந்தப் பக்கத்தில் வைக்க வேண்டும். அங்கி காலுக்கடியில் மாட்டும். நரகத்தை நினைத்து நான் நடுங்கியதைவிட அந்தப் படிகளை நினைத்து நடுங்கியதுதான் அதிகம்.

இதெல்லாம் பிள்ளைப் பயம், மக்களே. நெஞ்சுக்குள் இறங்கிய பயம் பெரியவர்களிடம் இருந்தது. ஒன்று கடல். ஆனி, ஆடியில் கடல் அடித்துக் கிடக்கும். கட்டுமரம் இறக்க முடியாது, வீட்டில் அடுப்பும் எரியாது. பசி தாங்காமல் யாராவது துணிந்து இறக்கிவிட்டு, நேரத்துக்குத் திரும்பாவிட்டால் பெண்கள் மாதா கெபி முன்னால் கூடிவிடுவார்கள். அன்றைக்குச் செபமாலையில் இழுவை இருக்காது, மூச்சு விடாமல் ஓடும். நாங்கள் வாயைப் பொத்திக்கொண்டு பின்னால் நிற்போம்.

இன்னொன்று கோவில் கணக்கு நோட்டு. கரையில் இறங்குகிற மீனில் கோவிலுக்கு ஒரு பங்கு உண்டு. அதை வசூலிக்கும் உரிமையை ஏலம் விடுவார்கள், எடுத்தவர் குத்தகைக்காரர். மீன் பட்டாலும் படாவிட்டாலும் வரி, திருநாள் வரி என்று நோட்டில் ஏறிக்கொண்டே போகும். ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போனால் அபராதம். ஊரில் சண்டை வந்தால் தீர்ப்பும் சாமியார்தான். பாக்கி இருந்ததற்காக என் சித்தப்பா கல்யாணத்துக்கு ஓலை, அதாவது கல்யாண அறிவிப்பு, வாசிக்க மறுத்துவிட்டார்கள். மூன்று ஞாயிறு கோவிலில் ஓலை வாசித்தால்தானே கல்யாணம்? என் பாட்டி தன் காதில் கிடந்ததைக் கழற்றி அடகு வைத்துப் பாக்கியைக் கட்டினாள். அடுத்த ஞாயிறே ஓலை வாசித்தார்கள். அதே சாமியார்தான் ஊருக்குள் போலீஸ் வந்தால் முன்னால் நின்று பேசுவார். பள்ளிக்கூடத்துக்காக அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்குவார். அதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் கல்யாணம் என்கிற ஒரு தேவதிரவிய அனுமானத்தை, ஒரு புனிதச் சடங்கை, கடன் பாக்கிக்கு ஈடாகப் பிடித்து வைத்தது எனக்கு இன்றைக்கும் ஒப்பவில்லை. உன் வகுப்பில் பழைய காலத்தைப் பற்றிப் பேசினால் இதையும் பேசு. பிரம்பைவிட இது பெரிய விஷயம்.

சரி, சந்தோஷத்துக்கு வருகிறேன். பெரிய வியாழன் பூசையில் அடித்த மணி அதோடு நின்றுவிடும். அப்புறம் மரக்கட்டையைத் தட்டித்தான் ஆட்களைக் கூப்பிட வேண்டும். கட்டையைத் தட்டிக்கொண்டு தெருவெல்லாம் ஓடுகிற வேலை பையன்களுக்கு, அதற்கு அடிதடியே நடக்கும். துக்க நாளில் எங்களுக்கு அப்படி ஒரு கொண்டாட்டம். பெரிய வெள்ளி சாயங்காலம் தூம்பா என்ற பாடையில் சேசுவின் சுரூபத்தைக் கிடத்தித் தூக்கி வரும்போது மட்டும் உண்மையாகவே அழுகை வரும்; வீட்டில் ஒருவர் செத்த மாதிரிதான் பெண்கள் அழுவார்கள். மறுநாள் காலையிலேயே மணி திரும்ப அடித்துவிடும். மணி திரும்ப அடிக்கிற அந்த உயிர்ப்புச் சடங்கை ராத்திரிக்கு மாற்றியது 1956-இல். அதற்கு முன்னால் சனிக்கிழமை விடிந்தாலே எங்களுக்கு நாற்பது நாள் தபசு முடிந்த மாதிரி.

ஊர்த் திருநாளைப் பற்றி எழுதினால் நிற்காது. கொடியேற்றிய நாள் முதல் சப்பரம் சுற்றுகிற ராத்திரி வரை எந்த வீட்டிலும் பிள்ளைகளைத் தேட மாட்டார்கள். சவேரியார் கோவில் இருக்கும் கோட்டாற்றுக்கு மட்டும் நடந்தே போவோம். டிசம்பர் 3 சவேரியார் திருநாள், இன்றைக்கும் நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்கு உள்ளூர் விடுமுறை. தேருக்குப் பின்னால் ஜனங்கள் கும்பிடு நமஸ்காரம் போட்டுக்கொண்டே வருவார்கள். ஆட்கள் உப்பும் மிளகும் நேர்ச்சையாகக் கொட்டுவார்கள். சைவர், வைணவர், யாரும் தனியாகத் தெரிய மாட்டார்கள். உள்ளே, விசுவாசத்துக்காக உயிரைக் கொடுத்த தேவசகாயம் பிள்ளை கல்லறையில் பாட்டி வெகுநேரம் தலையை வைத்துக்கொண்டு கிடப்பாள். 1752-இல் ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் அவரைச் சுட்ட கதையை அவள் இருட்டில் சொல்லுவாள். சுட்டதும் பாறை ஒன்று பெயர்ந்து விழுந்து மணி போல ஒலித்தது என்ற இடம் வரும்போது குரலை இறக்குவாள். பயத்தில் அவள் சேலைக்குள் ஒண்டிக்கொண்டு, இன்னொரு தடவை சொல்லு என்போம். 2022-இல் ரோமில் அவரைப் புனிதர் என்று அறிவித்தபோது டி.வி. முன்னால் உட்கார்ந்திருந்தேன். பாட்டியைப் பொறுத்தவரை அது எப்போதோ முடிந்துபோன காரியம்.

1956 நவம்பர் 1 சகல அர்ச்சியசிஷ்டர்கள், அதாவது எல்லாப் புனிதர்கள், திருநாள். அன்றைக்குத்தான் நம் தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. பூசை முடிந்து வெளியே வந்தால் ஒரு பக்கம் மிட்டாய், வெடி. மறுநாள் ஆத்துமாக்கள் திருநாள். கல்லறைத் தோட்டத்தில் மெழுகுதிரி ஏற்றும்போது, செத்தவர்களும் இப்போது சென்னைக்காரர்கள்தானா என்று நான் கேட்டேன். அப்பா சிரித்ததை அன்றுதான் கல்லறையில் வைத்துப் பார்த்தேன்.

ரோமில் ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் முடிகிற சமயத்தில், 1965 வாக்கில், பூசை தமிழுக்கு வந்தது. பீடத்தைத் திருப்பிப் போட்டார்கள். சாமியார் எங்களைப் பார்த்து நின்றார். எங்களுக்கு, இளவட்டங்களுக்கு, ஒரே உற்சாகம். பாட்டிக்குத்தான் கஷ்டம். லத்தீன் பூசையில் அவர் பாட்டுக்கு அவர் சொல்வார், இவள் பாட்டுக்கு இவள் செபமாலை உருட்டுவாள், மணி அடித்தால் தலை குனிவாள். இத்தனை வருஷமும் சாமி முதுகைத்தான் பார்த்திருக்கிறாள். "இப்ப அவரு என்னையே பாத்துட்டு நிக்காரு, நான் எப்பிடி செபமாலை சொல்லுவேன்?" என்றாள். பூசையில் இனிமேல் செபமாலை சொல்ல வேண்டாம், பதில்தான் சொல்ல வேண்டும் என்று உபதேசியார் வீட்டுக்கே வந்து விளக்கினார். அவரிடம் சரி என்றாள். அடுத்த ஞாயிறு பெரிய தூணுக்குப் பின்னால் போய் உட்கார்ந்தாள். அங்கே அவளுக்கு முன்னாலேயே மூன்று கிழவிகள் கையில் செபமாலையோடு இடம் பிடித்திருந்தார்கள்.

அன்புடன்,
பாட்டா