மைனஸ் 80 ஃப்ரீசருக்கு ஒரு ஜெனரேட்டர் இணைப்பு வேண்டும்

மதிப்புக்குரிய ஆய்வக நிர்வாகத்தாருக்கு,

வணக்கம். சென்ற வார விடுமுறையில் மின்சாரம் போய், மைனஸ் 80 டிகிரி செல்சியஸில் மாதிரிகளைக் காக்கும் ஃப்ரீசரில் இருந்தவை உருகிப்போனது தாங்கள் அறிந்ததே. "இருப்பதை மறுபடி வளர்த்துக்கொள்ளுங்கள்" என்று பதில் வந்தது. அது ஏன் நடக்காது என்று சொல்லவே இந்த மடல்.

உருகியவை காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் பக்கத்துச் செம்மண்ணிலும் ஊரணிக் கரைகளிலும் எடுத்த, நோய் தீர்க்கும் மருந்துப்பொருள்களைச் சுரக்கும் ஸ்ட்ரெப்டோமைசிஸ் இன மண் பாக்டீரியாக்கள். மறுபடி தொடங்க, அரைச் சாண் ஆழத்து மண்ணை நிழலில் உலர்த்தி, 1 கிராமை 9 மில்லி உப்புநீரில் கலக்கி, பத்துப் பத்து மடங்காக நீர்க்க வைத்து, ஸ்டார்ச் கேசீன் அகார் என்ற வளர்ப்பு ஊடகத் தட்டில் பூசி, 28 டிகிரியில் 7 முதல் 14 நாள் காக்க வேண்டும். பூஞ்சணத் தடுப்பு மருந்து சேர்க்காவிட்டால் சில நாளிலேயே தட்டு முழுக்கப் பூஞ்சணம். சரியாக வந்தால் சுண்ணாம்புப் பொடி தூவினாற்போல் புள்ளிகள். மூடியைத் திறந்தால் முதல் மழையின் மண்வாசனை.

உருகிய குப்பியிலிருந்தும் சில வளரத்தான் செய்யும். ஆனால் வளர்வது வேறு, மருந்துப்பொருளைச் சுரப்பது வேறு. இவற்றின் குரோமோசோம் பெரும்பாலான பாக்டீரியாக்களுடையதைப் போல வளையம் அல்ல, இரு முனையுள்ள கயிறு. திரும்பத் திரும்பப் புதுத் தட்டுக்கு மாற்றி வளர்த்தால் முனைகள் பெருந்துண்டுகளாக அறுந்துபோகலாம். சுரக்கும் திறனும் அதோடு போகும். வெண்பொடி பூக்காமல் மொட்டையாக, வழவழவென்று ஒரு திட்டு தெரிந்தாலே அடிவயிறு கலங்குகிறது.

நமீபியாவில் கிடைத்த ஆக்டினோமதுரா நமீபியென்சிஸ் என்ற பாக்டீரியா தரும் லேபிரிந்தோபெப்டின் என்ற பொருள், குழந்தைகளின் நுரையீரலை வாட்டும் ஆர்எஸ்வி வைரஸைச் செல் வளர்ப்பில் தடுக்கிறது. நம் வறண்ட மண்ணில் தேடுவது வீண் வேலையல்ல. நம் வீட்டு அன்னாசிப்பூவில் இருக்கும் ஷிகிமிக் அமிலம்தான் ஃப்ளூ மருந்தான ஓசெல்டமிவிருக்கு மூலப்பொருள். இன்று அந்த அமிலத்தை மரபு மாற்றிய ஈ.கோலை பாக்டீரியாவிலிருந்தும் எடுக்கிறார்கள்.

கொரோனா காலத்தில் மருந்து எங்கே என்று எல்லோரும் கேட்டார்கள். பயம் அடங்கியதும் கேள்வியும் அடங்கிவிட்டது. வரவேற்பறை ஏசிக்கு ஜெனரேட்டர் இணைப்பு இருக்கிறது, இந்த ஃப்ரீசருக்கு இல்லை. கடுமையாகப் பட்டால் பொறுத்தருள்க.

தயவுசெய்து ஃப்ரீசருக்கு ஜெனரேட்டர் இணைப்பு கொடுங்கள். குளிர் குறைந்தால் கைபேசிக்குச் செய்தி அனுப்பும் கருவி ஒன்றும் வேண்டும். மிஞ்சியவற்றை உறையும்போது செல்களைக் காக்கும் 20 சதவீத கிளிசராலில் இரட்டைக் குப்பிகளாக வைத்து, ஒன்றை வேறு கட்டடத்தில் காக்க இடம் ஒதுக்குங்கள். ஐப்பசி மழை வந்தால் மின்சாரம் மறுபடி போகும். அதற்குள் அந்த இணைப்பைத் தந்துவிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
நுண்ணுயிரியல் ஆய்வாளர்கள்