கருப்பட்டிக் காப்பியைக் காதுகொடுத்துக் கேட்டவர்களுக்கு

என் மகனுக்கு வயது 11. ஏழு மாதமாக, விடியற்காலையில் எழுப்பினால் பெற்ற என்னையே தெரியாமல் விழிப்பான். உடம்பெல்லாம் வியர்த்துக் கொட்டும். சில நாள் கைகால் வெட்டி இழுக்கும். வலிப்பு என்று மாத்திரை கொடுத்தார்கள். காத்துக் கருப்பு என்று கயிறும் கட்டினோம். ராச்சோறு உண்ணாமல் தூங்கிய மறுநாள்தான் மோசம், கருப்பட்டிக் காப்பி இரண்டு மடக்கு உள்ளே போனால் தெளிந்துவிடுகிறான் என்று போன இடமெல்லாம் சொன்னேன். யாரும் எழுதிக்கொள்ளவில்லை.

அன்று விடியுமுன் பாம்பன் பாலம் தாண்டி ராமநாதபுரத்துக்கு ஆட்டோவை விரட்டிய அண்ணனுக்கு நன்றி. அங்கே இருந்த நர்ஸ் தங்கச்சி, வலிப்பு ஊசியைக் கையில் எடுக்குமுன் அவன் விரலில் குத்திச் சர்க்கரை பார்த்தது. 34தான், மிகவும் குறைவு. குளுக்கோஸ் ஏறிய கொஞ்ச நேரத்தில் "அம்மா" என்றான். "அக்கா, வீட்டுல எதைக் குடுத்தாத் தெளியுறான்?" என்று அது கேட்டதும் நான் உடைந்து அழுதுவிட்டேன். ஏழு மாதத்தில் அப்படிக் கேட்ட முதல் ஆள்.

மதுரை டாக்டர்கள் அவனைப் பட்டினி போட்டு, பக்கத்திலேயே இருந்து, சர்க்கரை இறங்கிய நேரத்தில் ரத்தம் எடுத்தார்கள். சர்க்கரையை இறக்குவது இன்சுலின்; அப்போது அடங்கியிருக்க வேண்டிய அது ஏறிக் கிடந்தது. உடம்பில் இன்சுலின் சுரக்கும்போது கூடவே வரும் சி-பெப்டைடும் கூடுதல், அதனால் இன்சுலின் அவன் உடம்பிலேயே சுரக்கிறது என்றார்கள். சாதாரண ஸ்கேனில் ஒன்றும் தெரியவில்லை. வாய்வழியாகக் குழாய் விட்டு எடுத்த எண்டோஸ்கோப்பி ஸ்கேனில்தான் கணையத்தின் வால்பக்கம் பட்டாணி அளவு கட்டி அகப்பட்டது. இன்சுலினோமா, அதாவது இன்சுலினைச் சுரக்கும் கட்டி. பிள்ளைகளுக்கு வருவது மிக அபூர்வமாம். பெரும்பாலும் புற்றாக இருக்காது என்று டாக்டரம்மா என் கையைப் பிடித்துச் சொன்னார். கணையத்தையும் மண்ணீரலையும் காப்பாற்றி, கட்டியை மட்டும் தோண்டி எடுத்தார்கள். சதைப் பரிசோதனையிலும் புற்று இல்லை.

அப்போது மீன்பிடித் தடைக்காலம், 61 நாள். எந்த வீட்டிலும் வரும்படி இல்லை. ஆபரேஷன் செலவு காப்பீட்டு அட்டையில் போனது. மற்ற செலவுக்கு எங்கள் கரைக்காரர்கள் வீடு வீடாகச் சேர்த்துக் கொடுத்தார்கள். யார் எவ்வளவு என்று எழுதி வைத்திருக்கிறேன். அவர்கள்தான் திருப்பி வாங்க மாட்டேன் என்கிறார்கள்.

ஆபரேஷனுக்கு முன் சர்க்கரை இறங்கிவிடக் கூடாதென்று ராத்திரி மூன்று மணிக்கு எழுப்பி ஊட்டிய பழக்கத்தில் எனக்கு இன்னும் முழிப்பு வந்துவிடுகிறது. நெற்றியைத் தொட்டுப் பார்க்கிறேன். வியர்வை இல்லை.

தங்கச்சி, பதற்றத்தில் உன் பேரைக் கேட்காமலே வந்துவிட்டேன். இரண்டு தடவை தேடி வந்தேன், வேறு ஊருக்கு மாறிப் போய்விட்டாய் என்றார்கள். இது உன் கண்ணில் பட்டால் ஒரு வார்த்தை சொல்லி அனுப்பு. பிள்ளையைக் கூட்டிக்கொண்டு நான் வருகிறேன்.