கேற் தட்டிய சத்தம்

அன்பு மகனுக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை கோல் எடுத்தபோது நீ ஒன்று கேட்டாய். "அம்மா, சின்ன வயதில ஆரோ எங்கட கேற்றைத் தட்டிக்கொண்டே நிண்ட மாதிரி ஞாபகம். நீங்கள் என்ர வாயைப் பொத்திக்கொண்டு இருக்கிறீங்கள். அது கனவா?" கனவுதான், உனக்கு அப்போது காய்ச்சல் என்று சொல்லிவிட்டு, அங்கே குளிர் எப்படி என்று கதையை மாற்றினேன். போனை வைத்த பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. நித்திரை வருகுதில்லை என்று ஒரு வைத்தியரிடம் போகிறாய். நான் சொன்ன பொய்யை நீ கொண்டுபோய் அவரிடம் சொன்னால் அவர் உனக்கு எதை வைத்து வழி சொல்வார்? போனில் சொல்ல என்னால் ஏலாது. அதுதான் எழுதுகிறேன்.

அது கனவில்லை மகன். 2006 ஏப்ரல் 12, புதன்கிழமை. உனக்கு எட்டு வயது. அப்பா கட்டாரில். வருஷப்பிறப்புக்கு இரண்டு நாள் இருந்தது.

முதலில் அந்த நேரம் திருகோணமலை எப்படி இருந்ததென்று சொல்லவேண்டும். 2002 பெப்ரவரியில் அரசாங்கத்துக்கும் புலிகளுக்கும் போர்நிறுத்த ஒப்பந்தம் கையெழுத்தான பிறகு நாங்கள் கொஞ்சம் மூச்சுவிட்டோம். பின்னேரங்களில் உன்னைக் கடற்கரைக்குக் கூட்டிக்கொண்டு போவேன், நீ கச்சான் கேட்டு அழுவாய். 2005 மே மாதம் ஒரே இரவில் சந்தைக்குக் கிட்ட ஒரு புத்தர் சிலை எழும்பியது. அதற்குப் பிறகு ஹர்த்தால், முள்ளுக்கம்பி, ஆமிச் சென்றி. 2006 ஜனவரி 2ஆம் திகதி கடற்கரையில், காந்தி சிலைக்குப் பக்கத்தில், ஐந்து பெடியன்களைச் சுட்டுக் கொன்றார்கள். கையில் வைத்திருந்த குண்டு வெடித்துச் செத்தார்கள் என்று முதலில் கதை விட்டார்கள். அவர்களின் தலையில் இருந்த சூட்டுக் காயத்தைப் படமெடுத்துக் காட்டிய 'சுடர் ஒளி' நிருபர் சுகிர்தராஜனை அதே மாதம் 24ஆம் திகதி சுட்டுக் கொன்றார்கள். அந்தப் பெடியன்களின் வழக்கில் நின்ற பொலிஸ் அதிரடிப்படைக்காரர் பதின்மூன்று பேரையும் 2019 யூலையில் விட்டுவிட்டார்கள். நீ அப்போது பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாய், நான் உன்னோடு அதைக் கதைக்கவில்லை. இப்படி எத்தனையோ நான் உன்னோடு கதைக்கவில்லை.

ஏப்ரல் 7ஆம் திகதி திருகோணமலை மாவட்டத் தமிழ் மக்கள் பேரவைத் தலைவர் வன்னியசிங்கம் விக்னேஸ்வரனைச் சுட்டுக் கொன்றார்கள். ஊர் அடங்கிக் கிடந்து, பிறகு வருஷத்துக்குச் சாமான் வாங்கவேண்டுமே என்று சனம் மெல்ல வெளியே வந்தது. எனக்குத் தையல் வேலை தலைக்கு மேல். பதினாலு பதினைந்து சட்டை முடிக்கவேண்டும். அதனால்தான் அன்று சந்தைக்குப் போகாமல் வீட்டில் நின்றேன். வெற்றிலையும் மாங்காயும் நாளைக்கு வாங்கலாம் என்று விட்டேன்.

பின்னேரம் நாலு மணி ஆகவில்லை. நான் மெஷினில் இருந்தேன், நீ நிலத்தில் இருந்து வெட்டுத் துண்டுகளை நிறம் நிறமாகப் பிரித்துக்கொண்டிருந்தாய். வெடிச்சத்தம் கேட்டது. எங்கட ஒழுங்கைக்குள்ளேயே வெடித்தது மாதிரி யன்னல் எல்லாம் அதிர்ந்தது. நீ என்னைப் பார்த்தாய். நான் மெஷினை மிதித்துக்கொண்டே இருந்தேன் மகன். தைத்த கோடு வளைந்து போனது பிறகுதான் தெரியும்.

மரக்கறிச் சந்தையில் குண்டு. தமிழர், சிங்களவர், முஸ்லிம் ஆட்கள் எல்லாரும் ஒரே கூரைக்குக் கீழே யாவாரம் செய்த சந்தை அது. வருஷத்துக்கு வாங்க வந்த சனம் நிறைந்திருந்த நேரம். புலிகள் வைத்தார்கள் என்று அரசாங்கம் சொன்னது, நாங்கள் இல்லை என்று புலிகள் சொன்னார்கள். யார் வைத்திருந்தாலும், மரக்கறி வாங்க வந்த ஆட்களுக்கு நடுவில் அதை வைக்க மனம் வந்ததே, அதை நான் இன்றைக்கும் மன்னிக்கவில்லை. எங்கட ஆட்கள் செய்திருந்தாலும் மன்னிக்கமாட்டேன்.

ஆனால் அன்று அதோடு முடியவில்லை. குண்டு வெடித்துக் கால் மணித்தியாலத்துக்குள் கத்தியோடும் பொல்லோடும் ஒரு கூட்டம் இறங்கியது. பெற்றோலும் பொல்லும் எங்கே தயாராக இருந்தது? அந்தக் கேள்விக்கு ஒருவரும் பதில் சொல்லவில்லை. ஆமியும் பொலிசும் பார்த்துக்கொண்டு நின்ற வீதிகளில்தான் தமிழ்க் கடைகள் எரிந்தன. சந்தையிலும் அதற்குப் பிறகும் செத்தவர்கள் இருபது பேருக்குக் கிட்ட. வீடுகளும் எரிந்தன. ஆயிரக்கணக்கான சனம் ஓடியது.

புகை தெரிந்ததும் நான் கேற்றைப் பூட்டி, முன்கதவைப் பூட்டி, உன்னை இழுத்துக்கொண்டு தையல் மேசைக்குக் கீழே இருந்தேன். வெளியே கத்துகிற சத்தம், கண்ணாடி உடைகிற சத்தம். அப்போதுதான் கேற் தட்டுப்பட்டது. கொளுக்கியைப் பிடித்து ஆட்டுகிற சத்தம். ஒரு பொம்பிளை. "அக்கா, அக்கா, திறவுங்கோ." தமிழில்தான் கூப்பிட்டாள். நீ வாய் திறக்கப் பார்த்தாய். நான் பொத்தினேன். கொஞ்சம் பலமாகத்தான் பொத்தினேன், உன் கீழ் உதட்டில் பல் பட்டு இரத்தம் வந்தது. ஐந்தாறு தரம் தட்டியிருப்பாள். பிறகு ஓடுகிற சத்தம். அதற்குப் பிறகு ஒன்றுமில்லை.

நான் திறந்திருக்கலாம். கேற்றுக்குப் பதினைந்து அடி. கூட்டம் ஒழுங்கைக்குள் வந்துவிட்டதென்று நினைத்தேன். அவள் வந்தால் அவளுக்குப் பின்னால் அவர்களும் வருவார்கள் என்று நினைத்தேன். உன்னை நினைத்தேன். எல்லாம் உண்மைதான். ஆனால் கூட்டம் எங்கட ஒழுங்கைக்குள் வரவே இல்லை என்று பிறகு பக்கத்து வீட்டு மாமி சொன்னா.

ஊரடங்கு எடுத்த பிறகு கேற்றைத் திறந்தேன். வெளியில் கொளுக்கியில் ஒரு பை தொங்கியது. முருங்கைக்காய், வாழைக்காய், ஒரு கட்டு வெற்றிலை. வெற்றிலை கறுத்துப் போயிருந்தது. ஓடுவதற்குப் பாரம் என்று கொளுவிவிட்டுப் போயிருப்பாள். அந்த மரக்கறியை நான் சமைக்கவில்லை, எறியவும் இல்லை. வளவுக்குள் தாட்டேன். அந்த வருஷம் தலையில் மருத்துநீர் வைக்கவில்லை, உனக்குக் கைவிசேஷக் காசு தரவில்லை. ஏன் தரவில்லை என்று நீ நெடுகக் கேட்டாய்.

என்னிடம் தைக்கத் தந்தவர்களில் மூன்று பேர் சட்டை எடுக்க வரவில்லை. ஒருத்தி மட்டக்களப்புக்குப் போயிருந்தாள், மே மாதம் வந்து எடுத்தாள். இன்னொருத்தியின் அம்மா வந்தா. மூன்றாவது ஆள் வரவே இல்லை. இளம் பச்சை, கைக்குக் கரை வைத்தது. கொப்பியில் அளவு மட்டும் இருக்கிறது, பெயர் எழுதவில்லை. புதிதாக வந்த பிள்ளை, அவசரத்தில் எழுதாமல் விட்டேன். செத்தவர்களின் பெயரைப் பேப்பரில் பார்த்தேன், எனக்குத் தெரிந்த முகம் ஒன்றும் இல்லை. தட்டியது அவள்தானா, வேறு ஆளா, அவள் எங்காவது சுகமாக இருக்கிறாளா, எனக்குத் தெரியாது. பாலையூற்றுப் பக்கம் போனால் இன்றைக்கும் பஸ்ஸுக்கு நிற்கிற பொம்பிளைகளின் முகத்தைப் பார்க்கிறேன்.

அந்த மாதக் கடைசியில் சம்பூர்ப் பக்கம் குண்டு போட்டார்கள். பிறகு மாவிலாறு அணைச் சண்டை, பிறகு யுத்தம். அதெல்லாம் உனக்குத் தெரியும், நீயே படித்திருப்பாய்.

அடுத்த முறை வைத்தியரிடம் போகும்போது இதை அப்படியே சொல். கேற் தட்டியது உண்மை. பொத்தியது என்ர கை. உன் உதட்டின் உள்பக்கம் நாக்கால் தடவிப் பார், இடது பக்கம் ஒரு சின்னத் தழும்பு இருக்கும். சைக்கிளால் விழுந்ததென்று சொல்லியிருந்தேன், அதுவும் பொய்தான்.

என்னில் கோபம் வந்தால் வரட்டும். ஆனால் கோல் எடு. ஞாயிறு விடிய நான் போனுக்குப் பக்கத்தில்தான் இருப்பேன். பச்சைச் சட்டை அலுமாரியில் கீழ்த்தட்டில் இருக்கிறது, நீ வரும்போது காட்டுகிறேன்.

உன் அம்மா