அக்காவுக்கு, டண்டினோங்கிலிருந்து

டண்டினோங், மெல்பேர்ண்
ஆடி 2025

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் எல்லோரும் நலம். நீங்களும் அத்தானும் பிள்ளைகளும் நலமாயிருக்க வேண்டுகிறேன். அம்மாவின் கால்வீக்கம் வற்றிவிட்டதா? மறக்காமல் எழுதுங்கள்.

நான் மறுபடியும் வலைப்பந்து ஆடுகிறேன் என்றதும் தொலைபேசியில் அப்படிச் சிரித்தீர்கள். சிரியுங்கள். முழங்கால் நோகத்தான் செய்கிறது. ஆடி மாதம் இங்கே நடுக் குளிர்காலம் என்பதால் விரல்களும் விறைத்துப் போகின்றன. ஆனால் நான் எழுத நினைத்தது என் முழங்காலைப் பற்றி அல்ல. வைகாசி (மே) தேர்தலோடு யாழ்ப்பாணத்தில் நம் பிரதேச சபைக்கு உறுப்பினர்கள் வந்துவிட்டார்கள், மாதர் சங்கத்தின் பெயரில் ஊர்ப் பெட்டைகள் விளையாட இடம் கேட்டு ஒரு மனுக் கொடுக்கலாம் என்று சொன்னீர்கள் அல்லவா? 2023 பங்குனியிலிருந்து கேட்க ஆளில்லாமல் கிடந்த சபை. இந்த நேரத்தில் இங்கத்தைய நடைமுறை உங்களுக்கு உதவும் என்று தோன்றியது.

முதலில் நாங்கள் ஒரு தனியார் உள்ளரங்கில் ஆடினோம். கிழமைக்கு இவ்வளவு என்று அணிக் கட்டணம், நடுவருக்குத் தனி, ஆள் குறைந்தால் தண்டம். வீட்டு வாடகையும் பிள்ளைகளின் நீச்சல் வகுப்பும் போக, அந்தக் காசை வீட்டில் கேட்கக் கூச்சப்பட்டே பெண்கள் ஒவ்வொருவராக நின்றுவிட்டார்கள். காரணம் கேட்டால் ஒருத்தியும் காசு என்று சொல்ல மாட்டாள். பிள்ளைக்குக் காய்ச்சல் என்பாள், வேலை நேரம் மாறிவிட்டது என்பாள்.

பிறகுதான் கவுன்சிலுக்குப் போனோம். கவுன்சில் என்பது நம் பிரதேச சபை மாதிரித்தான். இந்த விக்டோரியா மாநிலத்தில் 79 இருக்கின்றன. குப்பை அள்ளுவது, நூலகம், பூங்கா எல்லாம் அவர்கள் பொறுப்பு. வீடு காணிக்கு நாங்கள் கட்டும் சோலைவரியில் நடக்கிறது. மைதானங்களில் பெரும்பாலானவை கவுன்சிலுடையவை. கழகங்கள் பருவத்துக்குப் பருவம் விண்ணப்பித்து நேரம் வாங்க வேண்டும். பத்து வருடம் ஆடிய கழகம் என்பதற்காக மைதானம் அதன் சொத்தாகிவிடாது. இந்த ஒரு விடயத்தைக் கொஞ்சம் ஊன்றி யோசியுங்கள், அக்கா.

எங்களுக்குக் கவுன்சில் செய்தது பெரிய செலவு என்று சொல்ல முடியாது. கிழமை நாளில் ஒரு மாலைப் பொழுதுக்கு இரண்டு ஆடுகளங்களை முதல் பருவத்துக்கு மிகக் குறைந்த வாடகையில் தந்தார்கள். ஒரு பெட்டி பந்தும், யார் எந்த இடத்தில் ஆடுவது என்று காட்ட ஜி.எஸ்., ஜி.ஏ. என்று எழுதிய மார்புப் பட்டிகளும் கொடுத்தார்கள். எங்களில் ஆட விரும்பாத இருவருக்கு நடுவர் பயிற்சிக்கான பணத்தைக் கட்டினார்கள். அதன் பிறகு வெளியில் நடுவரைத் தேடும் வேலை இல்லை, அந்தக் கட்டணமும் மிச்சம்.

எல்லாவற்றையும்விடக் காப்புறுதிதான் பெரிய காரியம். இங்கே ஆடுகளத்தில் யாராவது விழுந்து காலை முறித்து வழக்குப் போட்டால் என்ன ஆகும் என்ற பயம் எல்லோருக்கும் உண்டு. அதனால் பொது இடத்தை வாடகைக்கு எடுப்பவரிடம் இரண்டு கோடி டொலருக்குக் காப்புறுதி இருக்கிறதா என்று கேட்பார்கள். இரண்டு கோடி! அந்தப் படிவத்தைப் பார்த்ததும் எங்கள் தலைவி, பால் கடையில் வேலை செய்கிற வியட்நாம் பெண், பேனாவை மூடி வைத்துவிட்டாள். கவுன்சில் அலுவலர் முதல் பருவத்துக்கு எங்களைத் தங்கள் காப்புறுதிக்குள் சேர்த்துக்கொண்டு, அதற்குள் சங்கமாகப் பதிவு செய்யும் வழியையும் சொல்லித் தந்தார். ஐந்து உறுப்பினர் இருந்தால் சங்கம் பதியலாம். பந்து எவராலும் வாங்கித் தர முடியும். இந்தத் தலையிடியை எடுத்துப்போட ஒரு சபையால்தான் முடியும்.

அதற்கு மேல் அவர்கள் தலையிடவில்லை. பிரதம விருந்தினர் இல்லை, பொன்னாடை இல்லை, மங்கள விளக்கு இல்லை. அணிகளைப் பிரிப்பது, அட்டவணை போடுவது, சண்டை தீர்ப்பது எல்லாம் நாங்களே. சண்டை வராமலும் இல்லை.

எங்கள் அணியைப் பார்த்தால் உங்களுக்கு வேடிக்கையாக இருக்கும். கோல் கீப்பர் ஓர் ஆப்கானியப் பெண். முழுக்கை, நீளக் காற்சட்டை, தலையில் இறுக்கிய முக்காடு, அதற்கு மேல் ஜி.கே. பட்டி. அவள் கை நீட்டினால் பந்துக்கு வழியே இல்லை. சென்டர் இடத்தில் ஆடுபவள் காலி நகரத்திலிருந்து வந்த சிங்களப் பெண். பாடசாலை அணியில் ஆடியவள், பந்தை மார்பளவில் விசையாக எறிவதில் நம் ஊர் ஆட்டம் அப்படியே தெரியும். ஒன்பதரைக்கு மின்விளக்குகள் தாமாகவே அணைந்துவிடும். ஒருநாள் நான் வளையத்துக்குக் குறி பார்த்து நிற்கும்போது அணைந்தது. எறிந்த பந்து விழுந்ததா இல்லையா என்று இன்றைக்கும் வாக்குவாதம். விழுந்தது என்றுதான் நான் சொல்கிறேன்.

யாழ்ப்பாணம் என்றதும் நடுவர் பயிற்சி தந்த அம்மையார், நம் வலைப்பந்து வீராங்கனை தர்ஜினி சிவலிங்கத்தின் பெயரைச் சொன்னார். ஆறடி பத்தங்குல உயரத்தில் நின்று 2018இல் ஆசியக் கிண்ணத்தை இலங்கைக்கு வென்று தந்த பிள்ளையை அவர்களுக்கும் தெரிந்திருக்கிறது. எனக்கு ஓரங்குலம் உயர்ந்துவிட்ட மாதிரி இருந்தது.

இங்கே எல்லாம் சொர்க்கம் என்று நினைத்துவிடாதீர்கள். பிள்ளைகளைக் கழகத்தில் சேர்க்கக் கேட்கும் தொகையைப் பார்த்துத் திரும்பி வரும் குடும்பங்கள் எங்கள் தெருவிலேயே இருக்கின்றன. மைதானங்களின் நல்ல நேரமெல்லாம் நெடுங்காலம் ஆண்களுக்கே போனது. உடுப்பு மாற்றும் அறைகூட ஆண்களை நினைத்துக் கட்டியதுதான். 2024 ஆடி (யூலை) முதலாம் திகதியிலிருந்து, பெண்களுக்கு நியாயமாக நேரமும் இடமும் பங்கிடும் கொள்கை இல்லாத கவுன்சிலுக்கு விளையாட்டுக் கட்டுமானப் பணம் கிடையாது என்று மாநில அரசு விதி வைத்தது. நல்ல மனத்தினால் மட்டும் எங்களுக்கு அந்த மாலைப் பொழுது கிடைத்தது என்று நான் நம்பவில்லை. பணத்தைப் பிடித்தால்தான் மனமும் இளகும் போலிருக்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்த மாநிலம் 1987இல் சிகரெட்டுக்கு வரி போட்டு, அந்தப் பணத்தில் சுகாதார மேம்பாட்டுக்கென்றே ஒரு நிறுவனம் தொடங்கியது. சிகரெட் கம்பனிகளின் விளம்பரப் பணத்தில் நடந்த விளையாட்டுகளை அதிலிருந்து விடுவித்தார்கள். நம் ஊரில் சாராயக் கடைக்காரர் கிண்ணம் கொடுத்த கதை நினைவுக்கு வந்து சிரித்தேன்.

இனி உங்கள் மனுவுக்கு வருகிறேன். பணம் கேட்க வேண்டாம், அக்கா. கேட்டால் இல்லை என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். சனசமூக நிலையத்துக்குப் பக்கத்துக் காணியில் பொடியன்கள் மின்னொளியில் கரப்பந்தும் அதன் ஊர் வகையான ஓவர் கேமும் ஆடுகிறார்களே, அந்த இடத்தில் கிழமைக்கு இரண்டு மாலை பெட்டைகளுக்கும் கலியாணமான பெண்களுக்கும் என்று சபை எழுத்தில் எழுதித் தரட்டும். அந்த இரண்டு நாள் மின்கட்டணம் சபையினுடையது. பூட்டுத் திறப்பு மாதர் சங்கத்தின் கையில் இருக்க வேண்டும். கழகத் தலைவர் வீட்டில் இருந்தால் ஒவ்வொரு முறையும் அவர் வாசலில் நிற்க வேண்டி வரும். ஆட்டம் முடிந்து வீடு போகும் ஒழுங்கையில் விளக்கு எரிய வேண்டும். அது இல்லாவிட்டால் ஒரு தாயும் மகளை அனுப்ப மாட்டாள்.

வெளிநாட்டுக் காசு பற்றியும் கேட்டீர்கள். கழகத்துக்கு நாங்கள் அனுப்பிய பணத்தில் வளைவும் பெயர்ப்பலகையும்தான் எழும்பின. மாதம் மாதம் பராமரிக்க அது உதவவில்லை. வளையக் கம்பம் இரண்டை ஊர் இரும்பு ஒட்டுத்தொழிலாளியிடமே செய்விக்கலாம்; நிலத்திலிருந்து வளையம் 3.05 மீற்றர் என்று அளவைச் சரியாகச் சொல்லுங்கள். மார்புப் பட்டி இரண்டு செட் கப்பல் பொதியில் போட்டிருக்கிறேன், பிள்ளைகளின் சப்பாத்துகளுக்கு அடியில் இருக்கிறது. அன்பளிப்பு என்று என் பெயரை எங்கேயும் எழுதிவிடாதீர்கள்.

மனுவை எழுதியதும் கொடுக்க முன்னம் எனக்குப் படம் எடுத்து அனுப்புங்கள். அத்தானைத் திருத்த விடவேண்டாம், அவர் மூன்று பக்கம் ஆக்கிவிடுவார்.

இப்படிக்கு,
அன்புத் தங்கை